எடுப்பதும் முடிவு, வருவதும் முடிவு

நேயர்களுக்கு வணக்கம். நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அன்றாட வாழ்க்கையில் நல்ல முடிவு எடுப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லோடே எனக்கு ஒரு தகராறு உண்டு.

நாம் எடுப்பதும் முடிவு; கடைசியில் வந்து சேர்வதும் முடிவு. பிள்ளைக்கு வருவது தேர்வு முடிவு. அவனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று வீட்டில் கூடிப் பேசி எடுப்பதும் முடிவு. ஒரே சொல் என்பதாலோ என்னவோ, கடைசியில் கெட்டுப்போனால் எடுத்ததே தப்பு என்று சொல்லிவிடுகிறோம்.

என் அண்ணனுக்குப் பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் முந்திரிக்காடு இருந்தது. 2011 கோடையில் ஒருவர் நல்ல விலைக்குக் கிரயம் கேட்டார். அண்ணன் கொடுக்கவில்லை. அந்த டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. காய்த்துக் கொண்டிருந்த மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். துக்கம் கேட்க வருகிற மாதிரி வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அப்பவே குடுத்திருக்கலாமேப்பா?"

அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. மகளுக்குக் கல்லூரி பார்க்கும்போது, "நான் சொன்னா விளங்காதும்மா, நீயே சொல்லிடு" என்று என்னிடம் தள்ளினார். மரம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. கோடையில் அவருக்கு என்ன தெரியும்? மரம் நல்ல காய்ப்பில் இருந்தது, கொட்டைக்கு விலை இருந்தது, கையில் வேறு தொழில் இல்லை. டிசம்பரில் எந்தக் கரையில் புயல் ஏறும் என்று மே மாதத்தில் யாருக்குத் தெரியும்? தெரிந்ததை வைத்து அவர் யோசித்தது சரிதான். வந்தது கெட்டது, அவ்வளவே.

இதற்கு நேர்மாறாக ஒருவர். என்னோடு வேலை பார்த்தவர். ஊர் பேர் தெரியாத ஒரு நிதி நிறுவனத்தில், அதிக வட்டி என்ற ஒன்றை மட்டும் கேட்டு, வைப்புநிதிப் பணத்தைப் போட்டார். அது மூடுவதற்கு இரண்டு மாதம் முன்னால், மகள் கல்யாணச் செலவுக்காகப் பணத்தை எடுத்துவிட்டார். கல்யாணம் அவரைக் காப்பாற்றியது. ஆனால் இன்றைக்கும் எங்கள் தெருவில் பணம் போட யோசனை கேட்பவர்கள் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள்!

அதனால் நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். பால் கணக்கு எழுதுகிற நாற்பது பக்க நோட்டுதான். பெரிய விஷயம் எதுவானாலும் தேதி போட்டு எழுதுவேன்: இன்றைக்கு எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், இப்போது கோபமா தூக்கமா. பிறகு என்ன ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திருத்தக்கூடாது.

இது புது வித்தை இல்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானிக்கு எழுதிய கடிதத்தில் தன் வழக்கத்தைச் சொல்கிறார். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, வேண்டும் என்பதற்கான காரணம் ஒரு பக்கம், வேண்டாம் என்பதற்கானது மறுபக்கம். எனக்குப் பிடித்தது, அதை ஒரே மூச்சில் அவர் எழுதுவதில்லை என்பது. மூன்று நான்கு நாள் போக விடுகிறார். எல்லாக் காரணமும் ஒரே நேரத்தில் மனசுக்கு வருவதில்லையாம். சண்டை போட்டு முடித்த மறுநாள்தானே நமக்கும் நல்ல பதில் தோன்றுகிறது!

நோட்டு என்னையும் மாட்டிவிட்டிருக்கிறது. ஸ்கூட்டர் வாங்கப் போனேன். 1 லட்சம் கடன், 3 வருஷம், "10 சதவீத வட்டிதான் மேடம்" என்றார்கள். ஃப்ளாட் வட்டி. அதாவது மொத்த வட்டி 30,000, மாதத் தவணை 3,611. நாம் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறோம், வட்டியோ கடைசி வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைகிற அசலுக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 18 சதவீதம். ஊருக்கெல்லாம் இதை விளக்கிச் சொன்ன நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைய பக்கத்தில் காரணம் என்று எழுதியிருப்பது: "மழைக்கு முன்னால் வண்டி வேண்டும். நிறம் பிடித்திருக்கிறது." வண்டி இன்றுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை. ஆனாலும் அது மோசமான முடிவுதான்.

எல்லாவற்றுக்கும் நோட்டைத் தூக்க வேண்டாம். முதுநகரில் சங்கராவா வஞ்சிரமா என்பதற்கு நான்கு நாள் யோசித்தால் மீன் கெட்டுப்போகும். திரும்பி வரக்கூடிய வழி என்றால் சட்டென்று போய்ப் பார்த்துவிடலாம். கிரயம், கல்யாணம், கையெழுத்து, இவைதான் நாள் எடுக்க வேண்டியவை.

அண்ணனுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருஷம் அலமாரியிலேயே கிடந்தது. போன பொங்கலுக்குப் போனபோது தோட்டத்தில் வரிசையாக ஒட்டு முந்திரிச் செடிகள். நோட்டில் ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தார். விலை, தண்ணீர், காய்க்க ஆகும் வருஷம் எல்லாம் இருந்தது. கடைசி வரி: "பெரிய காத்து வந்தா விழும். தெரிஞ்சேதான் வைக்கிறேன்."

வணக்கம்.