மறுமையிலும் மண்வெட்டி

அவைத்தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, வணக்கம்.

எகிப்திய அரசர் கல்லறை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது தங்க முகமூடிதான். 1922 நவம்பரில் ஆங்கிலேய அகழ்வாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த தூத்தன்காமன் மன்னனின் கல்லறையில், உட்புறச் சவப்பேழை ஒன்றே ஏறத்தாழ 110 கிலோ தங்கம் என்னும்போது அதில் வியப்பில்லை. ஆயினும் அங்கிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் நான் திரும்பத் திரும்பச் சென்று நிற்பது, ஷப்தி எனப்படும் 413 சிறு உருவங்களின் முன்புதான்.

நாளுக்கு ஒருவராக 365 ஏவலர். பத்து நாள் கொண்ட வாரத்துக்கு ஒருவராக 36 கண்காணிகள். மாதத்துக்கு ஒருவராக 12 தலைவர்கள். இந்தக் கணக்கை ஒரு வருகைப் பதிவேடு என்றே சொல்லலாம். இறந்தோர் சென்று சேரும் நாணல் வயலிலும் வாய்க்கால் வெட்டவேண்டும், உழவேண்டும், மணல் சுமக்கவேண்டும் என்று எகிப்தியர் நம்பினர். அவ்வேலைக்கு அழைப்பு வரும்போது, அரசனுக்குப் பதிலாக "இதோ இருக்கிறேன்" என்று குரல் கொடுப்பதற்கே ஷப்திகள் உடன் வைக்கப்பட்டன. பொன்னுலகைக் கற்பனை செய்தபோதும் நைல்கரை உழவனின் ஆண்டு முழுவதுமான உழைப்பை அவர்களால் அதிலிருந்து நீக்க முடியவில்லை. மதுச்சாடிகளின்மீதுகூட விளைந்த ஆண்டையும் தோட்டத்தையும் மது வடித்தவரின் பெயரையும் எழுதிவைத்த மக்கள் அவர்கள்.

இக்கல்லறைகளைக் குடைந்தவர்கள் அருகிலிருந்த டெய்ர் எல்-மெதீனா என்னும் சிற்றூரில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். இரண்டாம் ராமசேஸ் மன்னனின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட அவர்களது விடுப்புக் கணக்கு, ஒரு சுண்ணாம்புக்கல் துண்டில் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண்நோய், ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். சுவரில் தீட்டப்பட்ட தெய்வங்களைவிட இந்த மனிதர்கள் நமக்கு நெருக்கமானவர்கள் என்பது என் கருத்து.

அவர்களுக்குக் கூலி, ரொட்டிக்கும் பீருக்குமான தானியம். மூன்றாம் ராமசேசின் 29ஆம் ஆட்சியாண்டில் அது காலத்தில் வந்து சேரவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு, காவல் எல்லையைத் தாண்டி, ஒரு கோயிலின் பின்புறம் போய் அமர்ந்தார்கள். பசியும் தாகமுமே தங்களை அங்கே கொண்டுவந்தன என்றும், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்றும், இதை மன்னருக்கு எழுதுங்கள் என்றும் அவர்கள் முறையிட்டதை இத்தாலியின் டூரின் நகரிலுள்ள பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் சுவடி பதிந்துவைத்திருக்கிறது. வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தமாக இதையே பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். அரசனின் மறுமைக்குக் கல்லும் மரமுமான ஷப்திகள் ஆளாக உழைக்கும். மறுமை மாளிகையைக் குடைபவனுக்கோ இம்மையிலேயே சோறு வேண்டும்.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, ஒன்பதாம் ராமசேசின் காலத்தில், அமென்பனூபர் என்னும் கல்தச்சன் தன் கூட்டாளிகளோடு சோபெகெம்சாப் மன்னனின் கல்லறையைக் குடைந்து புகுந்தான். அரசன் அரசி இருவரின் உடல்மீதிருந்த தங்கத்தைக் கழற்றிக்கொண்டு, சவப்பேழைகளுக்குத் தீ வைத்ததாக விசாரணையில் ஒப்புக்கொண்டான். உடலும் பெயரும் அழிந்தால் மறுமை இல்லை என்ற சமய நம்பிக்கையில் வளர்ந்தவன்தான் அவனும். முன்பு பிடிபட்டபோது தன் பங்குத் தங்கத்தை ஓர் எழுத்தரிடம் கொடுத்து வெளியே வந்ததையும், கூட்டாளிகள் மீண்டும் தங்கள் பங்கிலிருந்து பகிர்ந்து தந்ததையும், அதன்பிறகும் தொழிலைத் தொடர்ந்ததையும் அவன் ஒளிக்கவில்லை.