என் ஓராண்டு விளையாட்டுக் கணக்கில் வரவே மிகுதி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

'வீடியோ கேமில் கழிந்த ஓராண்டு வரவா, செலவா?' என்பது இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. வரவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். விளையாடிய நேரம் அப்படியே கரைந்துபோகிறது என்றார். விரல் வேகத்தைத் தவிர இந்த விளையாட்டுகள் எதையும் கற்றுத் தருவதில்லை என்றார். ஒரே வீட்டில் இருப்பவர்களையும் அவை தனித்தனித் தீவுகளாக்கிவிடுகின்றன என்றார். இவற்றுக்குப் பொதுவான வாதங்களால் விடை சொல்வதைவிட, சென்ற ஆண்டு முழுவதும் நான் எழுதிவந்த ஒரு குறிப்பேட்டைக் கொண்டு விடை சொல்வதே நேர்மை என்று நினைக்கிறேன். எந்த விளையாட்டை, எவ்வளவு நேரம், யாரோடு விளையாடினேன், நிறுத்தியபோது மனம் எப்படி இருந்தது என்பவற்றை ஒவ்வோர் இரவும் அதில் எழுதினேன். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது 412 மணி நேரம் வந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

எதிரணிக்கு உரியதை முதலில் எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். அந்த 412 மணி நேரத்தில் 130 மணி நேரம், கைப்பேசியில் நான் ஆடிய ஒரே ஒரு விளையாட்டுக்குப் போனது. நாள்தோறும் திறந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் விடாமல் திறந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் அதுவரை சேர்ந்த வரிசை அறுந்துபோகும் என்ற அச்சம், உள்ளே இருப்பது தெரியாமலே திறக்க வேண்டிய பெட்டிகள் என்று அது கட்டப்பட்டிருந்தது. எப்போது வரும் என்று கணிக்க முடியாத பரிசுதான் கையை மறுபடி மறுபடி இழுக்கும் என்பது சூதாட்ட இயந்திரங்களைச் செய்தவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய லூட் பாக்ஸ்களைச் சில புகழ்பெற்ற விளையாட்டுகளில் ஆராய்ந்த பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், அவை சட்டத்துக்கு மாறான சூதாட்டமே என்று 2018இல் அறிவித்தது. என் குறிப்பேட்டில் அந்த 130 மணி நேரத்துக்கு எதிரே எண்கள் மட்டுமே இருக்கின்றன. மனம் எப்படி இருந்தது என்ற பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஜூன் மாத இறுதியில் பக்கங்களைப் புரட்டியபோது அந்த வெற்றிடம் கண்ணில் பட்டது. அன்றிரவே அந்த விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன். அது செலவுதான், நடுவர் அவர்களே. அதை வரவென்று காட்ட நான் முயல மாட்டேன்.

எதிரணித் தலைவர் உலக சுகாதார நிறுவனத்தையும் சாட்சிக்கு அழைத்தார். நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் வீடியோ கேம் விளையாடுவதால் வரும் கோளாறு சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. அப்பதிப்பு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த வரையறையை முழுவதும் படிக்க வேண்டும். விளையாட்டின் மேல் கட்டுப்பாடு தளர்வது, மற்ற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நிற்பது, கேடு விளைவதைக் கண்ட பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, குடும்பத்தையோ கல்வியையோ வேலையையோ கடுமையாகப் பாதித்து, பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தால்தான் அதைக் கோளாறு என்கிறார்கள். விளையாடுபவர்களில் சிறு பகுதியினரையே அது தாக்குகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. என் 12 மாதங்கள் அப்படிக் கழியவில்லை. மீதி 282 மணி நேரத்தைப் பற்றிய பக்கங்கள் எழுத்தால் நிறைந்திருக்கின்றன. என் வழக்கு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

விரல் வேகத்தைத் தவிர வேறெதையும் கற்றுத் தருவதில்லை என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். 2019இல் வெளிவந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற விளையாட்டில் நான் ஒரு சிறிய கோளைச் சேர்ந்த விண்வெளிப் பயணி. கையில் ஒட்டுப்போட்டதுபோன்ற ஒரு விண்கலம் இருக்கிறது. செல்வதற்கு ஒரு கதிரவ மண்டலம் இருக்கிறது. 22 நிமிடங்களில் அந்தக் கதிரவன் வெடித்து அனைத்தும் அழிகிறது. மறுகணம் தொடங்கிய இடத்திலேயே, அணையாத தீயின் அருகே கண் விழிக்கிறேன். அந்த 22 நிமிடங்களுக்குள் ஒரு கோளிலிருந்து மற்றொரு கோளுக்கு மணல் பொழிந்து, ஒன்றின் குகைகளை மூடி மற்றொன்றின் கோபுரங்களைத் திறக்கிறது. வேறொரு கோள் துண்டு துண்டாக உடைந்து தன் நடுவில் இருக்கும் கருந்துளைக்குள் விழுகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஆட ஆட ஆயுதம் கூர்மையாகும், உடல் வலுவாகும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. முதல் நாளில் என் பயணிக்கு என்ன ஆற்றல் இருந்ததோ அதேதான் கடைசி நாளிலும் இருந்தது; விளையாட்டை முடிக்கத் தேவையான எல்லாமே தொடக்கத்திலிருந்தே எட்டும் தொலைவில் இருந்தன. எனக்கு அது தெரியாமல் இருந்தது, அவ்வளவே. எங்கே எப்போது போய் நிற்க வேண்டும், அழிந்துபோன ஓர் இனம் சுவர்களில் எழுதிவைத்த உரையாடல்களுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகப் புரியப் புரியத்தான் கதவுகள் திறந்தன.

அந்த விளையாட்டுக்கு நான் 31 மணி நேரம் கொடுத்தேன். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் எழுதிய குறிப்பை அப்படியே படிக்கிறேன்: 'இன்று எதையும் வெல்லவில்லை. ஆனால் நேற்று வரை தவறாகப் புரிந்துகொண்டிருந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டேன். தூக்கம் வரவில்லை.' பள்ளியை விட்டு வந்த பிறகு, தேர்வோ சம்பளமோ இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை இரவுகள் விழித்திருந்தோம் என்று அவையில் உள்ள ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். எனக்கு அது பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற பிப்ரவரியில் வாய்த்தது.

விரல் வேகத்தையே கேட்கும் விளையாட்டும் என் ஆண்டில் இருந்தது. 2018இல் வந்த 'செலஸ்ட்' ஒரு பெண் மலையேறும் கதை. தாவுவது, காற்றில் பாய்வது, சுவரைப் பற்றி ஏறுவது ஆகிய சில செயல்களே அதில் உண்டு. ஆனால் ஒரு கணம் தவறினாலும் விழ வேண்டியதுதான். விழுந்த மறு நொடியே அதே அறையின் வாயிலில் நிற்கலாம் என்பதால் தோல்விக்குத் தண்டனை ஏதும் இல்லை. எத்தனை முறை விழுந்தோம் என்ற கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிகரத்தை அடைந்தபோது என் கணக்கு 2,914. ஏழாம் வகுப்பில் முறிந்த என் இடது மணிக்கட்டு இன்றும் நீண்ட நேரம் அழுத்தம் தாங்காது. அதனால் கடைசிப் பகுதிகளில், அந்த விளையாட்டே தரும் உதவி முறையைப் பயன்படுத்தி வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டேன். உதவி முறையில் ஆடுவது ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தன்னிடம் வருபவரின் கை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்த்து அதற்கொரு வழியை வைத்த படைப்பாளிகளுக்கு நான் நன்றியுடையவன். அந்தப் பெண் தன் அச்சத்தையே ஒரு தனி உருவாக எதிரில் காண்கிறாள். அதை உதறிவிட்டு ஏற முயலும்போது மலையடிவாரத்துக்கே வீழ்கிறாள். அதோடு பேசி, இணங்கி, இருவருமாகச் சேர்ந்து ஏறும்போதுதான் சிகரம் கிட்டுகிறது. இதை வேறொருவர் கதையாகச் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். ஒவ்வொரு வீழ்ச்சியும் என் கையால் நடந்தது, ஒவ்வொரு படியும் என் கையால் ஏறியது; ஆகவே அது நான் செய்த ஒன்றாகவே நினைவில் நிற்கிறது.

இனி மூன்றாம் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். என்னை இந்த மேடைக்கு வரச் செய்ததும் அதுதான். வீடியோ கேம் வீட்டில் இருப்பவர்களைப் பிரிக்கிறது என்றார் எதிரணித் தலைவர். என் தந்தை கணக்குத் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் பேச்சு மெல்லச் சுருங்கி, சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்ற அளவில் நின்றுவிட்டது. கோபம் எதுவும் இல்லை; பேசுவதற்குப் பொதுவாக ஒரு பொருள் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை, லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற விளையாட்டை நான் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார்.

அதில் ஆடுபவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். 1802இல் புறப்பட்டுக் காணாமல்போன ஒரு கப்பல், 1807இல் உயிருள்ள ஒருவரும் இல்லாமல் கரை சேர்ந்திருக்கிறது. அதில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு பேரேட்டை நிரப்ப வேண்டும். இறந்தவர் ஒருவரின் அருகில் நின்று ஒரு மாயக் கடிகாரத்தைத் திறந்தால், அவர் இறந்த கணத்தின் ஒலி கேட்கும், உறைந்துபோன காட்சி விரியும். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள். மூன்று பேருடைய விவரங்களைச் சரியாக எழுதினால்தான் அவை உறுதியாகும். ஒன்றை மட்டும் ஊகித்துத் தப்பிக்க இயலாது. என் தந்தை பத்து நிமிடம் நின்றே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'அந்தப் பெயர்ப் பட்டியலைக் காட்டு' என்றார். மறுநாள் மாலை நான் வீடு திரும்பியபோது, கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் 60 வரிசைகள் எழுதித் தயாராக வைத்திருந்தார்.

இரண்டு வாரங்களில் பதினான்கு மணி நேரம் இருவரும் சேர்ந்து ஆடினோம். விசைகள் என் கையில், கண் அவருடையது. மாலுமிகள் உறங்கும் தூளிப் படுக்கைகளில் தொங்கும் எண்கள், பட்டியலில் உள்ள வரிசை எண்களே என்பதை முதலில் கண்டவர் அவர். முகத்தால் பிரித்தறிய முடியாத நான்கு சீன மாலுமிகளை, தூளிக்கு வெளியே தெரியும் காலணிகளைக் கொண்டு பிரித்தறிந்தவரும் அவரே. 'எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள். கணக்கு எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும்' என்று அவர் சொன்னபோது, முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. ஒரு பேரேட்டில் இரண்டே இரண்டு எழுத்துகளின் சாய்வு மாறியிருந்ததை வைத்து ஒரு மோசடியைப் பிடித்த கதையை அந்த இரவு சொன்னார். அவருடைய மகனாக நான் அந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அறுபதாவது பெயர் உறுதியானபோது அவர் நோட்டை மூடிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அயலாரோடும் இது நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் வந்த 'ஜர்னி'யில் பாலைவனத்தில் வழியில் சேர்பவரோடு பேச முடியாது. ஒரு சிறு இசையொலியை எழுப்ப மட்டுமே முடியும். பனிமலைச் சரிவில் நான் பின்தங்கியபோது, முன்னே சென்ற ஒருவர் திரும்பி வந்து அருகில் நின்றார். அவர் எந்த நாட்டவர், எந்த வயதினர் என்று எனக்குத் தெரியாது. பயணம் முடிந்த பிறகுதான் அவர் அதில் வைத்திருந்த பெயரே திரையில் வந்தது. தீவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தோடு முடித்துக்கொள்கிறேன். அறிதலையே ஒரே கருவியாகக் கொண்ட 'அவுட்டர் வைல்ட்ஸ்' போன்ற விளையாட்டை ஒருவர் ஒருமுறைதான் உண்மையாக ஆட முடியும். தெரிந்துவிட்டதை மறக்க வழியில்லை. அதை மறுபடி காண வேண்டுமானால், தெரியாத ஒருவர் அருகில் அமர்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். டிசம்பர் 31 மாலை விசைகளை என் தந்தையின் கையில் கொடுத்தேன். விண்கலத்தை எழுப்பவே அவர் நான்கு முறை தடுமாறினார், நிலவில் இறங்கினார், புதிய நோட்டில் தேதி போட்டு எதையோ எழுதிக்கொண்டார். திடீரென்று கதிரவன் சிவந்து பெருத்து, சுருங்கி, நீல ஒளியாக வெடித்தது. தீயின் அருகே மறுபடி கண் விழித்தவர், என் பக்கம் திரும்பி, 'என்னப்பா நடந்தது?' என்று கேட்டார். 'நீங்களே கண்டுபிடியுங்கள் அப்பா' என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியைத் திரைக்கு இன்னும் அருகில் நகர்த்தினார். அந்த நாளுக்கு எதிரே 'இரண்டு மணி நேரம், அப்பாவுடன்' என்று எழுதியிருக்கிறேன். அதை எந்தப் பத்தியில் சேர்க்க வேண்டும் என்பதை நடுவர் அவர்களே சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.