மருந்துக்கடை முதலாளியும் கிராப் ஓட்டுநரும்

நடுவர் ஐயாவுக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மற்றவர்களுக்கான வணக்கத்தை என் அணித்தலைவர் என் நேரத்தையும் சேர்த்துத் தின்று சொல்லி முடித்துவிட்டார்.

பல்கலைக்கழகம் தர வேண்டியது வேலைக்கான படிப்பா, பரந்த படிப்பா? பரந்த படிப்பே என்று சொல்ல ராபர்ட் ஹட்சின்ஸைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். 1929இல், 30 வயதில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். நம் வீட்டில் 30 வயதுப் பிள்ளை இன்னும் காலுறை எங்கே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்! என்ன தொழிலுக்குப் போவதானாலும் முதலில் தத்துவமும் இலக்கியமும் அறிவியலும் படித்துவிட்டுப் போ என்றவர் அவர். 1939இல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவையே கலைத்தார். நம் ஊரில் செய்திருந்தால் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

1935இல் ஒரு வேடிக்கை. சார்ல்ஸ் வால்கிரீன் என்று ஒரு முதலாளி. தெருவுக்குத் தெரு மருந்துக்கடை. அவருடைய உறவுப்பெண் சிகாகோவில் படிக்கிறாள். நம் வீடாக நினைத்துப் பாருங்கள். இரவுச் சாப்பாடு. அந்தப் பெண் கேட்கிறாள்: "பெரியப்பா, சொத்தெல்லாம் எல்லாருக்கும் பொது என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா?" பெரியப்பாவுக்கு எத்தனை கடை! சோறு தொண்டையில் இறங்குமா? பல்கலைக்கழகம் பொதுவுடைமை புகட்டுகிறது என்று கடிதம் எழுதிப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார். செய்தித்தாள்கள் விடுமா? மாநில மேலவை விசாரணையே வைத்தது. ஹட்சின்ஸ் தம் பேராசிரியர்களை விட்டுக்கொடுக்கவில்லை.

அதோடு முடிந்ததா? 1937. அதே வால்கிரீன் மறுபடி வருகிறார். எதற்கு? இன்னொரு கடிதமா? இன்னொரு பெண்ணை அழைத்துப் போகவா? இல்லை ஐயா, நன்கொடை! 550,000 டாலர்! பின்வரிசை மாமாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது: 550,000 டாலர், மாமா! பரந்த படிப்புக்குப் பயந்து பெண்ணைக் கூட்டிப் போனவரே பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்!

எதிரணி அண்ணன் சொன்னார்: "தத்துவம் படித்தவன் கடைசியில் கிராப் வாடகைக் கார்தான் ஓட்டுவான்." நீங்களும் கைதட்டினீர்கள், யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அண்ணா, இங்கே எதில் வந்தீர்கள்? கிராப்பில்தானே? ஓட்டியவர் என்ன படித்தவர் என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். என்னை அழைத்து வந்தவர் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். உங்கள் அணி மெச்சும் படிப்பு! அவர் பழகிய இயந்திரத்தை மாற்றினார்கள், வேலை போய்விட்டது. கைப்பேசிக்குப் பக்கத்தில் நூலக முத்திரை குத்திய வரலாற்றுப் புத்தகம் ஒன்று. பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கை அதற்குத்தான் போகிறது. அவர் தொழிலையா அண்ணா வசவாகச் சொன்னீர்கள்? என் தலைப்பு தோற்றாலும் தோற்கட்டும், இதை விடமாட்டேன். இங்கே எத்தனை பேரை லோரி ஓட்டியும் பஸ் ஓட்டியும் அப்பா படிக்க வைத்தார்!

நம் தாத்தா பாட்டிகளை நினையுங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே தமிழ் நூல்கள் சேர்க்க, 'தமிழ் எங்கள் உயிர்' என்று 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி நிதி திரட்டினார். கொடுத்தவர்கள் யார்? விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சுமந்தவர்கள். சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர்கள். தாங்கள் ஒருநாளும் நுழையப்போகாத நூலகத்துக்குக் கொடுத்தார்கள், ஐயா! "இதனால் என் மகனுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று அந்தப் பாட்டி கேட்டாளா? முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், கொடுத்தாள், வேலைக்குப் போய்விட்டாள்.

1956இல் அதே பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. அந்தத் துறையில் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால் கொஞ்சம் கை தூக்குங்கள். கூச்சப்படாதீர்கள், உயரத் தூக்குங்கள். அதோ, எதிரணியில்கூட ஒரு கை! மணியை அடிக்க வந்த நடுவர் ஐயாவும் தூக்கிவிட்டாரே! இனி நான் என்ன வாதாடுவது? தீர்ப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள் ஐயா. நன்றி, வணக்கம்.