நகரத்துக்குக் காது மட்டும் இருந்தால் போதுமா?

[திரையில்: பின்னிரவு. ஆளில்லாத தெரு. ஒருவர் நடைபாதை ஓரத்து மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் வால்வின் மேல் ஒரு நீளக் கம்பியை ஊன்றுகிறார். மறுமுனையில் காதை வைக்கிறார்.]

இது டோக்கியோ. இவர் என்ன செய்கிறார் தெரியுமா? தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கையில் இருப்பது ஒன்றரை மீட்டர் உலோகக் கம்பிதான். காது வைக்கும் முனையில் மட்டும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. மண்ணுக்கடியில் குழாயில் விரிசல் இருந்தால், நீர் அழுத்தத்தோடு பீய்ச்சும். அந்தச் சத்தம் குழாய், வால்வு, கம்பி என்று ஏறிவந்து தகட்டை அதிரவைக்கும். பகலில் வண்டிச் சத்தம் அதை விழுங்கிவிடும், அதனால் இரவு வேலை.

தொழில்நுட்ப வீடியோ என்று சொல்லிவிட்டு இரும்புக் கம்பியைக் காட்டுகிறானே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கணினியும் வருகிறது.

[திரையில்: சாலைக்கடியில் ஓடும் குழாயின் வரைபடம். இரு முனைகளிலும் சென்சார். நடுவே சொட்டும் நீர்.]

ஒரே குழாயில் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார்களை ஒட்டுகிறோம். கசிவின் சத்தம் இரண்டுக்கும் போகும். ஆனால் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. இந்தக் குழாயில் சத்தம் நொடிக்கு 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது சென்சாரைவிட வலது சென்சாருக்கு 0.02 நொடி தாமதமாக வந்தது. அப்படியானால் கூடுதலாக ஓடிய தூரம் 24 மீட்டர். 100-இல் 24 போனால் 76, அதில் பாதி 38. இடது சென்சாரிலிருந்து 38-ஆவது மீட்டரில் தோண்டலாம். தெரு முழுக்கப் பள்ளம் பறிக்க வேண்டியதில்லை.

உலோகக் குழாயில் இது அருமையாக வேலை செய்யும். பிளாஸ்டிக் குழாய் சத்தத்தை அமுக்கிவிடும். அங்கே சென்சார்களை நெருக்கமாக வைக்க வேண்டும், செலவும் ஏறும்.

இதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரே ஒரு மீட்டர் வைத்துவிட்டு, அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பார்ப்பது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு யாருக்கும் போகாத தண்ணீர்.

1950-களின் நடுவில் டோக்கியோவின் தண்ணீரில் ஏறத்தாழ 20 சதவீதம் வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. இன்று அது 3, 4 சதவீதம். இதைச் சாதித்தது காதா? பாதிதான். கேட்ட மறுநாள் தோண்ட ஆள் இருந்தார்கள், குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம் இருந்தது. பழைய குழாய்களை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வீட்டு வாசல் வரை போட்டார்கள். பல பத்தாண்டு வேலை இது.

அதனால், ஒரு நகரத்துக்கு எந்தக் கருவி வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது ஒரு எண்ணைக் கொடுக்கப்போகிறது, சரி, அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து போய் வேலை செய்யப்போவது யார்?

[திரையில்: சியோல், நள்ளிரவு. மூடிய சுரங்க ரயில் நிலையம். தெருவில் டாக்சிக்குக் கைநீட்டும் கூட்டம்.]

சியோலில் இதற்குப் பதில் தெளிவாக இருந்தது: பஸ் ஓட்டுநர். சுரங்க ரயில் நின்றபிறகு வீடு திரும்புபவர்களுக்காக 2013-இல் இரவுப் பஸ் விட முடிவெடுத்தார்கள். எந்தத் தடத்தில் விடுவது? புதிதாக ஒரு சென்சார்கூடப் பொருத்தவில்லை. ஒரு தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நள்ளிரவுக்குப் பிந்தைய 300 கோடி அழைப்புகளின் தரவை வாங்கினார்கள். அழைப்பு எங்கிருந்து போனது, பேசியவரின் பில் எந்தப் பகுதிக்குப் போகிறது, இவ்வளவுதான். இரண்டையும் சேர்த்தால் ஆள் இப்போது எங்கே, வீடு எங்கே என்பது தெரிந்துவிடும். நகரத்தைத் தேன்கூடு மாதிரி அறுகோணங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் கூட்டம் போகிறது என்று பார்த்துத் தடம் போட்டார்கள். பஸ்ஸின் பெயர் 'ஆந்தை'. இன்றும் ஓடுகிறது.

இதற்கு நேர்மாறான கதை டொராண்டோ. கூகுளின் சகோதர நிறுவனம் ஒன்று 2017 அக்டோபரில் ஏரிக்கரையில் சுமார் 12 ஏக்கரில் 'வருங்கால நகரம்' என்று அறிவித்தது. சூடேற்றிய நடைபாதை, நிலத்தடியில் ரோபோ, எங்கும் சென்சார். சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை கடைசிவரை ஓயவில்லை. 2020 மே மாதம், பொருளாதார நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் கிளம்பிவிட்டது.

[திரையில்: வானிலிருந்து எடுத்த வெப்ப வரைபடம். சிவப்புத் திட்டுகள், நடுவே நீலக் கோடுகள்.]

அப்புறம், வெயில். தாரும் கான்கிரீட்டும் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்துவிட்டு இரவில் கக்கும். சுற்றியுள்ள வயல்வெளியைவிட நகரத்தின் இரவு புழுங்குவது அதனால்தான். இந்த மாதிரி வரைபடத்தைக் காட்டி, 'இங்கே மரம் நடுங்கள்' என்பார்கள். நல்லதுதான். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது மேற்பரப்பின் சூட்டை, அதுவும் மொட்டைமாடியையும் மர உச்சியையும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் உடம்பில் என்ன படுகிறது என்பது அதற்குத் தெரியாது. மரத்தடிக்கும் வெயிலுக்கும் காற்றின் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் தலைமேல் சூரியனும் காலடியில் கொதிக்கும் தாரும் இல்லாததால், உடம்புக்கு அது வேறு உலகம்.

கொலம்பியாவின் மெடலின் நகரம் 2016-இல் தொடங்கி சாலை ஓரங்களிலும் ஓடைக் கரைகளிலும் 30 பசுமைத் தடங்கள் அமைத்தது. அங்கெல்லாம் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: வசதியற்ற குடும்பங்களிலிருந்து ஆட்களை எடுத்து நகரத் தோட்டக்காரர்களாகப் பயிற்சி கொடுத்தார்கள். கன்று நட்டுப் படம் எடுப்பது ஒரு நாள் வேலை. தண்ணீர் ஊற்றுவது?

[திரையில்: தெருவிளக்கு. ஒரு பக்கம் வெள்ளை நீல ஒளி, மறுபக்கம் மஞ்சள் ஒளி.]

எல்இடி தெருவிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால், பொதுவாக மின்சாரத்தில் பாதியளவு மிச்சம். ஆனால் முதலில் வந்தவை பல 4,000 கெல்வினும் அதற்கு மேலும். ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு இது, எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும். கண்ணைக் குத்தும், தூக்கத்தையும் கெடுக்கும். 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், 3,000 கெல்வினுக்கு மேல் போகாதீர்கள் என்றது. மின்கட்டணத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள், ஜன்னலுக்குள் படுத்திருப்பவரைப் பார்க்கவில்லை.

[திரையில்: ஸ்டாக்ஹோம். பாலத்தின் மேல் வரிசையாகக் கேமராக்கள்.]

கடைசியாக ஸ்டாக்ஹோம். நகர மையத்துக்குள் கார் நுழைந்தாலும் வெளியேறினாலும் கட்டணம். கேமரா எண் பலகையைப் படிக்கும், நெரிசல் நேரத்தில் தொகை கூடும். அறிவித்தபோது பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். அதனால் சோதனையாக மட்டும் செய்தார்கள். முதலில், 2005 ஆகஸ்டில், ஏறக்குறைய 200 புதிய பஸ்கள் வந்தன. போகாதே என்று சொல்லுமுன் வேறு வழி கொடுத்தது புத்திசாலித்தனம். 2006 ஜனவரி 3 அன்று கட்டணம் தொடங்கியது. எல்லைக் கோட்டைத் தாண்டும் வண்டிகள் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

ஜூலை 31-ஆம் தேதி சோதனையை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் சாலைகளில் கார்கள் திரும்பி வந்தன. ஏழு மாதம் அனுபவித்த காலியான சாலை போய்விட்டதை ஊரே கண்ணால் பார்த்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு. சுற்றுப்புற ஊராட்சிகள் சில தனியாக வாக்கெடுத்து வேண்டாம் என்றன. ஸ்டாக்ஹோம் நகரம் சிறிய வித்தியாசத்தில் வேண்டும் என்றது.

2007 ஆகஸ்ட் 1 அன்று கேமராக்கள் மறுபடி எண் பலகைகளைப் படிக்கத் தொடங்கின.

[திரையில்: அதே பாலம், காலை. ஒரு பஸ் தடையின்றிக் கடந்து போகிறது. காட்சி மங்குகிறது.]