பழைய காருக்கு எந்த பிரேக் ஆயில்?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், மைலேஜ் எவ்வளவு, ஸ்பேர் கிடைக்கிறதா, இன்றைக்கு விற்றால் என்ன விலை போகும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். வண்டி ஒழுங்காக நிற்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நானே ஆரம்பித்துவிடுவேன். அதனாலேயே கல்யாணம் காட்சிக்குப் போகும்போது, "அங்க வந்து பிரேக் பத்திப் பேசக்கூடாது" என்று வீட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப் போகிறார்கள். இன்றைக்கு வானொலி நிலையமே கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறது, விடுவேனா?

கார் இல்லாதவர்களும் கொஞ்சம் இருங்கள். உங்கள் பைக்கின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால், வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதன் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும், பாருங்கள். அந்த டப்பாவுக்குள் இருப்பதுதான் பிரேக் ஆயில், காரிலும் அதே திரவம்தான். பெடலை மிதிக்கிற அழுத்தத்தைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ச் சக்கரங்களில் இருக்கிற சிலிண்டர்களைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால்தான் அது தள்ளுகிறது. காற்றையும் ஆவியையும் சுருக்கிவிடலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப்பெயர், அவர்கள் வகுத்த தரம்தான் உலகம் முழுக்க டப்பாவில் வருகிறது. அதில் முக்கியமானது கொதிநிலை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3-க்கு 140 இருந்தால் போதும், டாட் 4-க்கு 155 என்று அதே தரம் சொல்கிறது. நான்கு சதவீதம்கூட இல்லை, அதற்குள் ஒன்றில் அறுபத்தைந்து டிகிரி, இன்னொன்றில் எழுபத்தைந்து டிகிரி காணாமல் போய்விட்டது பாருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். காற்றிலிருந்துதான். டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் (glycol) என்கிற ரசாயன வகை, ஈரத்தை இழுப்பது அதன் குணம். கார்த்திகை மாதத்தில் நம் சமையலறையில் உப்பு ஜாடி எப்படிக் கசிந்து நிற்கிறதோ அப்படித்தான் இதுவும். மூடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாக, ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கடற்கரை ஊரில் இருக்கிறோம், வருஷத்தில் பாதி நாள் சட்டை முதுகோடு ஒட்டுகிறது, இதில் பிரேக் ஆயில் மட்டும் எப்படிக் காய்ந்து இருக்கும்?

சரி, இதனால் என்ன ஆகும்? ஒரு நண்பருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன அம்பாசிடர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் கிடையாது. ஏப்ரல் மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனார். ஏறும்போது நன்றாகத்தான் ஏறியது. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று டாப் கியரிலேயே விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு சேலத்துப் பக்கம் இறங்கியிருக்கிறார், அந்தப் பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டியதும் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்திருக்கிறது, அடுத்த வளைவில் மிதித்தால் தரை வரைக்கும் போய்விட்டது. மாமியார் பின்சீட்டில் "முருகா முருகா" என்கிறார், மச்சான் "அடிச்சு அடிச்சு மிதிங்க மாமா" என்று கத்துகிறார். நல்லவேளையாக இவர் பதறாமல் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்துச் சுவரோரம் எப்படியோ நிறுத்திவிட்டார்.

கதையின் முக்கியமான இடம் இனிமேல்தான். அரைமணி நேரம் எல்லோரும் இறங்கி நின்றார்கள், தண்ணீர் குடித்தார்கள், யார்மேல் தப்பு என்று சண்டையும் போட்டு முடித்தார்கள். அப்புறம் இவர் சும்மா ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தால், பிரேக் திரும்பி வந்துவிட்டது! முதல் கியரில் ஊர்ந்து இறங்கிச் சேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால், "பெடல் நல்லா ஹார்டாதானே சார் இருக்கு?" என்று அவர் இவரையே ஒரு மாதிரி பார்க்கிறார். எங்கேயும் கசிவு இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் சென்னைக்கு வந்ததும் பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிட் மாற்றினார், சக்கரத்தில் இருக்கிற வீல் சிலிண்டர் கிட்டும் மாற்றினார். மாற்றியவர் டப்பாவிலும் குழாயிலும் இருந்த பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, அதையே திரும்ப ஊற்றியிருக்கிறார், வீணாகக் கூடாதாம். அடுத்த முறை மலை இறங்கும்போது அதே கதை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். நான் ஆயில் எப்போது மாற்றினது என்று கேட்டேன். அதை மாற்ற வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. ஆயிலை வடிக்கிற நிப்பிளைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தோம், கறுப்பாக, அடியில் வண்டலோடு வந்தது.

நடந்தது இதுதான். டிரம் சூடாகி அந்தச் சூடு வீல் சிலிண்டருக்குப் போனது, தண்ணீர் கலந்த ஆயில் அங்கேயே கொதித்து ஆவியானது, கால் கொடுத்த அழுத்தமெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோனது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிட்டது, மெக்கானிக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டிரம்மில் உரசுகிற லைனிங் சூடாகிப் பிடிக்காமல் போவது வேறு விஷயம், அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் உள்ளே போய் ஆறினதும் திரும்பி வந்தால் முதலில் ஆயிலைச் சந்தேகப்படுங்கள்.

ஆக எந்த ஆயில்? ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை போய் வருகிற அம்பாசிடர், பத்மினி, வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இதற்கெல்லாம் நல்ல டாட் 3 போதும். மலைக்குப் போவீர்கள் என்றால் டாட் 4. இரண்டும் கலந்தாலும் ஆபத்தில்லை. பழைய இங்கிலீஷ் கார்களில் பெரும்பாலும் கர்லிங் அல்லது லாக்ஹீடு கம்பெனி பிரேக்தான் இருக்கும், அதற்கும் இந்த வகை ஆயில்தான். என்னைக் கேட்டால் 3-ஆ 4-ஆ என்பதைவிட அது எத்தனை வருஷத்துப் பழசு என்பதுதான் பெரிய கேள்வி. நம் ஊர் ஈரத்துக்கு வருஷம் ஒரு தடவை மாற்றிவிடுங்கள் என்பேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் கால் லிட்டர், அரை லிட்டர் டப்பா கிடைக்கும், சின்னதாக, சீல் உடையாததாக, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். மெக்கானிக் ஷெட்டில் மூடி இல்லாமல் அலமாரியில் நிற்கிற பாதி பாட்டில் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், திறந்த பாட்டில் வேண்டாம்.

இப்போது டாட் 5. இது சிலிக்கான், ஊதா நிறம், ஈரத்தை இழுக்காது, பெயின்ட்டையும் தின்னாது, அதனால் கார் சேகரிப்பவர்களுக்கு இதன்மேல் ஒரு மோகம் உண்டு. பக்கத்திலேயே டாட் 5.1 என்று ஒன்று நிற்கும், அது பழையபடி கிளைக்கால் வகை. இப்படி ஒரு எண் வைத்தவரை நான் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். சிலிக்கானும் கிளைக்காலும் ஒன்றோடொன்று கலக்காது. சிலிக்கான் போட வேண்டுமானால் குழாய் முழுக்கச் சுத்தம் செய்து, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதில் நுரை சேர்ந்தால் லேசில் வெளியே வராது, பெடல் கொஞ்சம் மெத்தென்றே நிற்கும். அப்புறம், ஈரத்தை இழுக்காது என்றால் எப்படியாவது உள்ளே போன தண்ணீர் எங்கே போகும்? தனியாகப் பிரிந்து தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரில் போய் உட்கார்ந்து அங்கேயே துருவைக் கிளப்பும், 100 டிகிரியில் கொதிக்கவும் செய்யும். ஷெட்டிலேயே நிற்கிற காட்சி வண்டிக்குச் சரி, ஓடுகிற வண்டிக்கு நான் போடமாட்டேன். வாங்கின பழைய காரில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிறத்தை நம்பாதீர்கள், ஊதா நாளாக நாளாக வெளுத்துப்போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் விடுங்கள், கலந்தால் கிளைக்கால், தனியாக நின்றால் சிலிக்கான்.

மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் காரில் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் கிடையாது, ஓட்டுநர் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் இருக்கிறது, ஆயில் பார்க்க மிதியடியைத் தூக்க வேண்டும். டிசம்பரில் முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருவில் அந்த வண்டி நின்றிருந்தால் மூடியின் காற்றுத் துளை தண்ணீருக்குள் இருந்திருக்கும். 2015 வெள்ளத்தில் நனைந்த எத்தனையோ வண்டிகளுக்கு இன்ஜின் ஆயில் மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள், பிரேக் ஆயிலை நினைத்தவர் குறைவு.

நேரம் ஓடுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ரப்பர் பற்றி நிறைய சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பிரேக் கிட் ரப்பரை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, நம் ஷெட்டுகளில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவுவது வழக்கம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் ஊதிப்போகும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அதே கதிதான். கழுவ புது பிரேக் ஆயிலே போதும். பச்சை நிற மினரல் ஆயில் போடுகிற பழைய சிட்ரோயன் விதிவிலக்கு, அதில் நம்முடையதை ஊற்றினால் ரப்பர் கெடும். பெயின்ட்டில் சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் சேர்ந்த ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள், நம் ஊர் வலது கை வண்டியில் பெரும்பாலும் இடது பின்சக்கரம், அப்புறம் வலது பின், இடது முன், வலது முன். பழைய ஆயிலை... சரி சரி, முடித்துவிட்டேன், பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். வணக்கம்.