480 டாலருக்கு ஒரு பேக்: ஆமா, வாங்கிட்டேன்!

வணக்கம் மக்களே! எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போய் கறியை முதுகுல சுமந்துட்டு வர்றதுக்கான பேக் பார்சல்ல வந்தாச்சு! போன வீடியோல "ஒரு பேக்குக்கு 480 டாலரா? அந்தக் காசுக்குக் கறிக்கடையிலேயே வாங்கித் தின்னலாமே அண்ணா"ன்னு கமென்ட்ல வறுத்தெடுத்தீங்கல்ல, இன்னைக்கு பதில் சொல்லியே ஆகணும்.

முதல்ல விலை. அசல் விலை 640. போன சீசன் கலர்ங்கறதால கால்வாசி குறைச்சுட்டாங்க. பிரவுன். யாருக்கும் பிடிக்கலையாம், எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு! பேக் ஸ்டாக்ல இருக்கும்போது என் சைஸ் இடுப்பு பெல்ட் இருக்காது, பெல்ட் வந்தா பேக் காலியாயிருக்கும். கோடை முழுக்க இதே கதை. ஒருநாள் காலைல காபிக்குப் பால் வச்சுட்டுப் பாக்கறேன், ரெண்டும் இருக்கு! அடுப்பை அணைச்சுட்டு ஆர்டர் போட்டுட்டுதான் மறுவேலை. அன்னைக்கு சாயங்காலம் பாத்தா பெல்ட் மறுபடி காலி. எவ்ளோ சந்தோஷம் தெரியுமா!

சரி, ஏன் இவ்ளோ செலவு? நாங்க வேட்டைக்குப் போறது அமெரிக்காவுல கொலராடோல இருக்கற வெமினூச் வில்டர்னஸ்ங்கற பாதுகாக்கப்பட்ட மலைக்காடு. 1964 வில்டர்னஸ் சட்டம் இருக்கறதால மோட்டார் வண்டி எதுவும் உள்ள போகக்கூடாது. கறி ஏத்தற கைவண்டியைக் கூடத் தள்ளிட்டுப் போக முடியாது. குதிரை இருக்கணும், இல்லன்னா நம்ம முதுகு. பெரிய ஆண் எல்க் ஒண்ணு விழுந்தா எலும்பெடுத்த கறியே 200 பவுண்டுக்குப் பக்கம் வரும். முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தே ஆகணும்னு கொலராடோ சட்டம் சொல்லுது. சட்டம் சொல்லலன்னாலும், ஒரு உயிரை எடுத்துட்டு கறியை அழுக விடற ஆளு என்கூட வரவே வேண்டாம்.

அப்போ அந்த உயரத்துல, மூச்சு வாங்க வாங்க, பல நடை சுமக்கணும். சாதா ட்ரெக்கிங் பேக்ல கறியைப் போட்டா அடியில போய் உக்காந்து ஆளைப் பின்னாடி இழுக்கும். இதுல பையை ஃப்ரேம்லேர்ந்து விலக்கி, நடுவுல கறியை வச்சு இறுக்கிடலாம். பாரம் முதுகோட ஒட்டி நிக்கும், எடை இடுப்புல இறங்கும், தோள் தப்பிச்சுது. நேத்து ரெண்டு அரிசி மூட்டையைக் கட்டி மாடிப்படி ஏறி ஏறி இறங்கினேன், பட்டை எங்கேயும் அறுக்கல!

இப்போ நீங்க மறுக்காம வாங்கற கேமோ டிரஸ்ஸுக்கு வரேன், அதான் காட்டோட கலந்து மறையற இலை டிசைன் டிரஸ். எனக்கு அதைப் பாத்தாலே ஆகாது. கொலராடோல ரைஃபிள் சீசன்ல இடுப்புக்கு மேல 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பிங்க்கோ போடணும், தொப்பியும் அப்படித்தான். அவ்ளோ விலை குடுத்து இலை டிசைன் வாங்கி, மேல ஆரஞ்சு வெஸ்ட் மாட்டி மூடவா? எல்க்குக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரியற மாதிரி தெரியவும் தெரியாது. அசைவும் வாசனையும்தான் நம்மளைக் காட்டிக்குடுக்கும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, அதுக்குக் காசு கிடையாது. ரைஃபிளும் தர்ட்டி-ஆட்-சிக்ஸ் (.30-06) தோட்டா போடற என்னோட பழசுதான், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. உங்களுக்கே தெரியும், மாத்தறதா இல்ல.

ஆங், பேக் பத்திப் பேசும்போதே சொல்லியிருக்கணும், கறி போடற துணிப் பை! காத்து போற துணியா இருக்கணும். பிளாஸ்டிக் கவர் கொண்டுவராதீங்க, சூடு உள்ளயே நின்னு கறி கெட்டுரும். தோலை உரிச்சு சீக்கிரம் ஆற விடறதுதான் முக்கியம்.

அடுத்த செலவு ஸ்லீப்பிங் பேட், அதான் ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில விரிக்கற மெத்தை. மலையில அக்டோபர் ராத்திரி உறையும். நம்ம எடையில ஸ்லீப்பிங் பேக்கோட அடிப்பக்கம் நசுங்கி, சூடு எல்லாம் தரைக்குப் போயிடும். அதனால ஆர்-வேல்யூ (சூடு தரைக்குப் போகாம பேட் எவ்ளோ தடுக்கும்ங்கற அளவு) 4-க்குக் கீழ எதையும் நான் தொடமாட்டேன். ராத்திரி தூங்காதவன் காலைல நிதானமா குறி பாக்க முடியாது, குறி தப்பினா அடிபட்ட மிருகம்தான் துடிக்கும். இந்தச் செலவுக்கு யார்கிட்டயும் கணக்கு சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கறேன்.

பூட்ஸ் இன்னும் வாங்கல. ரெண்டு ஜோடி பாத்து வச்சிருக்கேன், சனிக்கிழமை இதே மூட்டையோட போட்டு நடந்துட்டு வந்து சொல்றேன்.