கானுக்குள் கிடக்கும் பாதீடு

(ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் யாழ் மாநகர சபையின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நிலையத் தலைவர் ஐயா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாநகர சபைப் பாதீட்டை எப்படிப் போடுகிறார்கள் என்று சனத்துக்கு விளங்கப்படுத்துங்கோ." சரி, சபையின் அந்த வருட வரவு செலவுத் திட்டத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். ஆனால் பாதீட்டுப் புத்தகத்தில் தொடங்காமல், ஒழுங்கை முடக்கில் கிடக்கும் கானில், மழைநீர் வடிகிற அந்த வாய்க்காலில் தொடங்குகிறேன்.

2018இல் நான் முதன்முதலாகச் சபைக்குப் போனேன். அந்த வருட மாரியில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார். "தம்பி, வெள்ளம் அடுப்படிக்குள்ள வந்திட்டுது. அரிசி வாளியை மேல தூக்கி வைச்சிட்டு நிக்கிறன்." விடியப் போனேன். ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். பக்கத்தில் புதுக் கான், கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொங்கிறீற் மூடி இன்னும் வெள்ளையாக இருந்தது. அதற்குள் தண்ணீர் ஓடவில்லை, நின்றது.

சுகாதாரத் தொழிலாளர்கள் இரண்டு பேர் அலவாங்கு போட்டு மூடியைத் தூக்கினார்கள். முதல் மூடிக்குக் கீழே ஷொப்பிங் பைகளும் போத்தல்களும். இரண்டாவதுக்குக் கீழே யாரோ வீடு திருத்திய கல்லும் சீமெந்துக் கட்டியும். மூன்றாவது மூடியைத் தூக்கியபோதுதான் விஷயம் வெளித்தது. கானுக்குக் குறுக்கே, இடுப்பில் கயிறு கட்டியதுபோல ஒரு குழாய் போயிருந்தது. கான் கட்டிய பிறகு, வேறொரு வேலைக்காக வீதியைக் கிண்டியவர்கள் கான் சுவரை உடைத்து, குழாயைச் செருகி, ஓட்டையைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்த குப்பை எல்லாம் அந்தக் குழாயில் மாட்டி, ஒரு அணைக்கட்டே உருவாகிவிட்டது. ஒரு தொழிலாளி சேட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கறுத்த தண்ணீருக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு இழுத்தார். கையுறை இல்லை. பத்து நிமிடத்தில் தண்ணீர் சுழன்று இறங்கத் தொடங்கியது.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து, என் வட்டாரத்துக்கு என்று நான் கேட்டு எழுதிய வேலைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வீதி, கான், மின்விளக்கு, மதகு எல்லாம் இருந்தது. எல்லாமே புதிதாகக் கட்டுகிற வேலை. இருக்கிற கானைத் துப்புரவாக்க, காக்க, கண்காணிக்க என்று ஒரு வரிகூட நான் கேட்கவில்லை. சனமும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேனா என்பதற்கும் இன்றுவரை என்னிடம் நேர்மையான பதில் இல்லை. துப்புரவுக்குப் பெயர்க்கல் வைக்க முடியாதே.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒன்றைக் கட்டுவதற்கான காசு ஒரு தடவை வேண்டும். அதைக் காப்பதற்கான காசு ஒவ்வொரு வருடமும் வேண்டும். முதற் காசைத் தர உலக வங்கி இருக்கிறது, வெளிநாட்டு அரசு இருக்கிறது, கொழும்பு இருக்கிறது, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாவது காசு எங்கள் சபையின் பெட்டிக்குள் இருந்துதான் வர வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வீட்டுக்கும் கட்டடத்துக்கும் நீங்கள் கட்டுகிற சோலை வரி இருக்கிறது. கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம் இருக்கிறது. காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் ஊடாக வந்து சேரும். நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கு அரசின் மீளளிப்பு உண்டு. இவ்வளவையும் வைத்துத்தான் குப்பை அள்ள வேண்டும், விளக்கு எரிய வேண்டும், நூலகம் திறந்திருக்க வேண்டும், உழவு இயந்திரத்துக்கும் பவுசர் என்கிற தாங்கி வண்டிக்கும் டீசல் அடிக்க வேண்டும்.

சோலை வரியைப் பற்றி ஒரு சொல். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. காலாண்டுக்குக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் ஐந்து. இதைத் தெரியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வரி போடுவது வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து. மதிப்பீட்டை வருடக் கணக்கில் புதுப்பிக்காமல் விட்டால், மாடி கட்டிக் கீழே நாலு கடை வாடகைக்கு விட்டவரும், ஓலைக் கொட்டிலை ஓட்டுக்கு மாற்றியவரும் பழைய தாளின்படியே கட்டுவார்கள். மதிப்பீட்டைப் புதுப்பிப்போம் என்று ஓர் உறுப்பினர் சபையில் எழுந்து சொல்வது கடினம். அடுத்த நாள் வட்டாரத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் "சபையிடம் காசில்லை" என்று மட்டும் சொல்வது சனத்தை ஏமாற்றுகிற வேலை.

சரி, பாதீடு. மாநகர முதல்வர் முன்வைக்க வேண்டும், சபை வாக்களிக்க வேண்டும். எங்கள் சபையில் 45 பேர், 27 வட்டாரம். ஒருமுறை தோற்றால் திரும்பக் கொண்டுவரலாம். திரும்பவும் தோற்றால் சட்டப்படி முதல்வரின் பதவி போய்விடும். 2020 டிசம்பரில் எங்கள் சபையில் அதுதான் நடந்தது. பாதீடு இரண்டு தடவை தோற்றது, மாத முடிவில் புது முதல்வர் தெரிவானார். அந்த நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் யார் யாரோடு, எத்தனை கை, யார் நடுநிலை என்பதுதான். அந்தப் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டதை நான் காணவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியில் மாரி மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் பாதீட்டு மாதமும் வெள்ள மாதமும் ஒன்று. அப்படியிருந்தும் மழையைப் பற்றி அந்த வாக்கெடுப்பில் ஒரு பேச்சும் இல்லை.

இனி, கானைப் பற்றிப் பாதீட்டின் கண்ணோடு பாருங்கள். யாழ்ப்பாணம் தட்டையான ஊர். சாய்வு மிகக் குறைவு. மலைநாட்டில் தண்ணீர் தானே ஓடிவிடும், இங்கே அதை நாங்கள் கொண்டுபோய்க் கடல்நீரேரியில் விட வேண்டும். நல்லூர்ப் பக்கத்தில் பெய்கிற மழை, குளத்துக்குக் குளம், வாய்க்காலுக்கு வாய்க்கால் வழிந்துதான் கீழே வருகிறது. அந்தக் குளங்களில் ஒன்றை மூடினாலும், ஒரு வாய்க்காலில் மதில் கட்டினாலும், கொட்டடி, நாவாந்துறை, குருநகர்ப் பக்கத்துத் தாழ்ந்த வளவுகளில்தான் அது தெரியும். மேலே கட்டியவருக்குத் தெரியாது. ஆனால் வேலைக் காசை நாங்கள் எப்படிப் பிரிக்கிறோம்? வட்டாரம் வட்டாரமாக. எனக்கு ஒரு துண்டு, உங்களுக்கு ஒரு துண்டு. ஐந்து வட்டாரத்தைக் கடந்து போகிற ஒரு வாய்க்காலுக்குச் சொந்தக்கார உறுப்பினர் இல்லை. ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் நூறு மீற்றரைக் கட்டுவார், அடுத்த எல்லையில் அது மண் வாய்க்காலாகவோ பற்றைக் காடாகவோ இருக்கும். முதலில் கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் மேலே கட்ட வேண்டும் என்பது கமக்காரனுக்குத் தெரிந்த விஷயம். பாதீட்டில் அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை.

பெரிய கட்டடங்களுக்கு வருகிறேன். புல்லுக்குளத்தடியில், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கலாசார நிலையத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2022இல் இணையவழியில் திறந்து, 2023 பெப்ரவரியில் கையளித்தார்கள். இப்போது திருவள்ளுவர் பெயரில் இருக்கிறது. பதினொரு மாடி, அறுநூறு பேர் இருக்கக்கூடிய அரங்கு. அழகான கட்டடம், கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். ஆனால் அது எழும்பிக்கொண்டிருந்தபோதே ஒரு கேள்வியும் கூட எழும்பியது: மின்தூக்கிக்கும் குளிரூட்டிக்கும் மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது? எங்கள் சபையின் வருமானத்தால் அதைத் தனியே தாங்க ஏலாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு இந்தியாவும் கொழும்பும் கைகொடுக்க வேண்டி வந்தது. கைகொடுக்கிறவர் கைக்கே சாவியும் போகும். சாவி யாரிடம் என்று பிறகு சண்டை பிடிப்பதைவிட, வரைபடம் மேசையில் இருந்தபோதே பத்தாவது வருடக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பக்கத்தில் மாநகர சபைக்கான புதிய நகர மண்டபம். போரில் அழிந்த பழைய மண்டபத்துக்குப் பதிலாக 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு நாடு பொருளாதாரத்தில் விழுந்தது, வேலையும் இழுபட்டது. சபை நல்லூரில் இருந்தே நடந்தது. அந்த மண்டபம் எனக்கும் ஆசைதான். எங்கள் ஊரின் முகம் அது.

நூலகத்தை நினைத்துப் பாருங்கள். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய வாசிப்பு, 1959இல் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் போனது. இடையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். அதற்குள் வாசிக்க ஆட்கள் உருவானார்கள், புத்தகம் சேர்ந்தது, நடத்தப் பழகினார்கள். 1981இல் எரிந்தபோது 97,000 வரையிலான நூல்கள் போயின. திரும்பக் கட்ட முடிந்தது கட்டடத்தை. இன்றைக்கு அந்தக் கட்டடத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். புத்தகம் வாங்க எவ்வளவு, ஓலைச்சுவடியைக் காக்க எவ்வளவு என்று பாதீட்டில் தேடிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

இனி மனதைக் கனக்கச் செய்கிற ஒன்று. எங்கள் ஊர் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும். மேலே ஊற்றுவது கீழே போகும், கீழே போனது கிணற்றுக்கு வரும். நகரத்தில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மலகூடக் குழி. முன்னர் நாலு பரப்பில் ஒரு வீடு, கிணறு ஒரு மூலை, குழி மறு மூலை. இப்போது அதே நாலு பரப்பில் மூன்று வீடு, அல்லது கீழே கடை மேலே விடுதி. கிணறும் குழியும் மதிலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும். மாரியில் நிலத்தடி நீர் எழும்பும்போது இரண்டும் கலந்துவிடும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தார்கள், குழாய்த் தண்ணீர் வருகிறது, நல்லது. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் கூட வந்தால், வெளியே போகிற அழுக்குத் தண்ணீரும் கூடும். அது போவது அதே கல்லுக்குள். புதிய மாடிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கிறபோது வாகனத் தரிப்பிடத்தை அளக்கிறோம். குழியை அளந்து, அது நிரம்பினால் பவுசர் எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று கேட்பதுதான் என்னைப் பொறுத்தவரை நகர அபிவிருத்தியின் முதற் கேள்வி. குப்பையும் அப்படித்தான். நகரத்தின் குப்பை நகர எல்லைக்கு வெளியே கல்லுண்டாயில் போய்க் கிடக்கிறது. அங்கே நெருப்புப் பற்றி எரிகிறபோது புகையில் இருமுவது பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் செலவைத் தள்ளிவிட்டு நகரத்தை அழகாக்கினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆரியகுளத்தை 2021இல் புனரமைத்தார்கள், ஒரு கொடையாளரின் காசில். பின்னேரங்களில் பிள்ளைகுட்டிகளோடு சனம் வந்து இருப்பதைப் பார்க்கச் சந்தோஷம். குளம் என்பது கரையும் விளக்கும் மட்டுமல்ல. அதற்குள் வருகிற வாய்க்காலும் அதிலிருந்து போகிற வாய்க்காலும் குளந்தான். அவற்றுக்கும் இப்படி ஒரு கொடையாளர் கிடைப்பாரா?

என்ன செய்யலாம் என்று ஒரு தம்பி வரும்போதே கேட்டார். வருடக் கடைசியில் வரைவுப் பாதீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். போய்ப் பாருங்கள். உங்கள் நிலையத்தில் இருந்து நாலு பேர் ஒரு கொப்பியோடு போங்கள். ஒவ்வொரு புதிய வேலைக்கும் நேரே, அடுத்த வருடத்தில் அதைக் காக்கிற செலவு எங்கே என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுத்தில் கேளுங்கள். உறுப்பினர் உங்கள் ஒழுங்கைக்கு வந்தால் "புதுக் கான் வேணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இருக்கிற கானை வருடத்தில் எந்த மாதம் துப்புரவாக்குவீர்கள்?" என்று கேளுங்கள். மாதத்தை ஏன் சொல்கிறேன் என்றால், கானைத் துப்புரவாக்க வேண்டியது மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில். அந்த நேரத்தில்தான் நல்லூர் மகோற்சவம். இருபத்தைந்து நாளும் சபையின் ஆளணி, வாகனம், தண்ணீர் பவுசர் எல்லாம் அங்கே நிற்கும், நிற்கத்தான் வேண்டும். தேர், தீர்த்தம், பூங்காவனம் முடிந்து தொழிலாளர்கள் களைத்துத் திரும்ப, வானம் இருண்டுவிடும். ஆகவே கான் வேலையைக் கொடியேற்றத்துக்கு முன் முடிக்கிறமாதிரி, தனி ஆட்களும் தனிக் காசும் ஒதுக்க வேண்டும். கையுறை, சப்பாத்து உட்பட. சபையில் எனக்குக் கிடைத்த காலத்தில் நான் கொண்டுவந்திருக்க வேண்டிய முன்மொழிவு இது. கொண்டுவரவில்லை. இப்போது இருப்பவர்களிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அந்த அம்மா இன்றைக்கு முன் வரிசையில் இருக்கிறார். அவர் வீட்டடிக் கானில் அந்தக் குழாய் இன்னும் குறுக்கேதான் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை விடிய ஆறரைக்கு மூன்று மூடியையும் தூக்கிப் பார்க்கப் போகிறோம். உறுப்பினரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் கூப்பிட்டிருக்கிறேன். அலவாங்கு இரண்டு என்னிடம் இருக்கிறது. மண்வெட்டியும் வாளியும் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.